ஆத்தங்குடியில் க்ஷேத்திர கணிதம்

பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதம் என்ற பெயரால் நாம் மனனம் செய்த சூத்திரங்களுள் பெரும்பாலானவை, பரீட்சை முடிந்த மறுவாரமே நம்மிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகின்றன. அவ்வாறு போனவை எங்கே குடியேறுகின்றன என்று ஒருவர் தேடிப் புறப்பட்டால், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், பூக்கல் வார்க்கும் கொட்டகைகளில் அவற்றைக் காணலாம் என்பது, அங்கே ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்த பின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம்.

பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலில் வரவழைத்து மாளிகை கட்டிய நகரத்தார், முகப்பிலும் வளவிலும் பாவுவதற்கு இந்த ஊர்க் கல்லையும் விரும்பி ஏற்றார்கள். இது சூளையில் சுடாத கல். சிமெண்டும் மணலும் ஆக்சைடுச் சாயமும் தண்ணீருமே இதன் மூலப்பொருள்கள்.

ஒருவர் சதுரக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துத் தம் முன்னே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, சட்டத்துக்குள் தகட்டால் வளைத்துச் செய்த அச்சை இறக்குகிறார். அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய சாயக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றி நிரப்பிய பிறகு, மூச்சையும் அடக்கிக்கொண்டு அச்சைச் செங்குத்தாக மேலே தூக்குகிறார். கை இம்மியளவு சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளில் கலந்து, இதழின் விளிம்பு கெட்டுவிடும். பின்பு உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை இட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் செய்கிறார். இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கண்ணாடியைக் கழற்றினால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகமாக நிற்கிறது. கண்ணாடியைத் தொட்டிருக்கும் பக்கமே மேல்முகமாதலால், வார்ப்பவர் காண்பது எப்போதும் சித்திரத்தின் முதுகுப்புறம். ஆகவே ஒரு கிளி வலப்பக்கம் பார்க்கவேண்டுமாயின் அச்சில் அது இடப்பக்கம் பார்த்தாக வேண்டும். பிரதிபிம்பம் என்று பாடத்தில் வரும் விஷயம், இங்கே தப்பினால் ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும்.

சட்டத்தைச் சோதிக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. நான்கு பக்கமும் எட்டு அங்குலம் இருந்தால் மட்டும் சதுரமாகிவிடாது. சாய்சதுரத்துக்கும் பக்கங்கள் சமமே. மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது ஒரு வழி; மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று, 11 அங்குலமும் இரண்டரை நூலும் காட்டும் அந்தக் குறுக்களவை இருபுறமும் பிடித்துப் பார்ப்பது மற்றொரு வழி. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கொத்தனார் கணக்கு. ஆறு நூல் கனமுள்ள கல் என்று அவர்கள் சொன்னால் முக்கால் அங்குலம் என்று நாம் கொள்ளவேண்டும். கல்லைப் பாவ வரும் கொத்தனாரோ, நூல் கட்டி ஒரு புறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் அளந்து, கர்ணம் 5 அடி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் கல்லை வைக்கிறார்.

எண்கோணங்களைச் சேர்த்து அமைத்த ஒரு சித்திரத்தில், அவற்றுக்கு இடையே சிறு சதுரங்கள் இருப்பதைக் கண்டேன். அழகுக்காக வைத்ததல்ல அச்சதுரம். எண்கோணத்தின் ஒரு கோணம் 135 பாகை. இரண்டு சேர்ந்தால் 270. ஒரு புள்ளியைச் சுற்றி 360 நிறைய மிச்சம் 90 வேண்டும், அது சதுரத்திடம்தான் உண்டு. ஐங்கோணத்தின் 108 எவ்வளவு கூட்டினாலும் 360 ஆகாது; ஒழுங்கான ஐங்கோணக் கற்களை மட்டுமே கொண்டு எந்த மகாராஜாவும் தம் தரையை இடைவெளியின்றிப் பாவ முடியாது.

அச்சுகள் சாத்தியிருந்த சுவரோரம் இரண்டை எடுத்து ஒப்பிட்டேன். ஒன்றில், சட்டத்தைத் தொடும் ஒரே பெரிய வட்டம், விட்டம் 8 அங்குலம். மற்றதில், 4 அங்குல விட்டமுள்ள நான்கு வட்டங்கள்.

“அண்ணே, இந்த ரெண்டுல எதுக்குச் சாயம் அதிகமாப் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“சாயம் ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க ஐயா. கைவேலைதான் நாலு வட்டத்துல கூட” என்றார் அவர், தலை நிமிராமலே.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பரிதியில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் விஸ்தீரணம் கிடைக்கும் என்பது ஆரியபட்டரும் நம் கணக்கதிகாரமும் சொல்லும் விதி. அதன்படி பெரிய வட்டத்துக்கு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். சின்ன வட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டரை, நான்குக்கும் அதே 50. ஆனால் பரிதியோ முன்னதில் சுமார் 25 அங்குலம், பின்னதில் 50. விஸ்தீரணம் சாயத்தின் அளவு. பரிதி தகட்டின் அளவு, சாயம் கலந்துவிடாமல் காக்கவேண்டிய விளிம்பின் அளவு. இந்த இரண்டையும் மாணவர்கள் ஆயுள் முழுதும் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், அவற்றைக் கையால் செய்து பார்க்காததே என்று நினைக்கிறேன்.

வாங்குவோர் கணக்கு எளிது. எட்டங்குலக் கல்லின் விஸ்தீரணம் 64 சதுர அங்குலம். ஒரு சதுர அடிக்கு 144. ஆகவே அடிக்கு இரண்டேகால் கல். பதினைந்துக்கு இருபதடிக் கூடத்துக்கு 675 கற்கள் வேண்டும். உடைசலுக்கும் வெட்டுக்கும் சிறிது சேர்த்து வாங்கவேண்டும்.

இக்கல்லை நாம் சதுர அடிக் கணக்கிலேயே விலை பேசுகிறோம். அதாவது விஸ்தீரணத்துக்கு விலை கொடுக்கிறோம். அங்கே குந்தியிருப்பவரின் உழைப்போ விளிம்பில் செலவாகிறது. ஆதலால், அடுத்த முறை ஆத்தங்குடிக்குச் செல்லும் அன்பர்கள், சின்னச் சின்ன இதழ்கள் நிறைந்த கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெறும் கல்லின் விலையை எடுத்துக்காட்டிப் பேரம் பேசாதிருக்க வேண்டுகிறேன்.