கடைசி இடத்தில் இருப்பவருக்கும் ஒரு காரணம் வேணும்!

ஆகஸ்ட் மாதம் எல்லோருமே பெரிய கோச்தான். 'இந்த வருஷம் கப்பு எனக்குத்தான்டா' என்று வாட்ஸ்அப் குரூப்பில் சவால் பறக்கும். தீபாவளி முடிந்ததும் பாதிப் பேரின் சத்தம் குறையும். பொங்கலுக்குள் குரூப்பில் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ மட்டும்தான் மிஞ்சும். ஃபேன்டஸி கால்பந்து லீக் நடத்தும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞருக்கும் முதல் வருஷம் இதுதான் நடந்தது. பள்ளிக்கூட நாள்களில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒன்றாகப் பந்து உதைத்த 12 பேர் சேர்ந்த லீக் அது. இப்போது ஒருவர் நெய்வேலியில், ஒருவர் சிதம்பரத்தில், சிலர் ஸ்ரீபெரும்புதூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் துபாயில். கல்யாணம், காதுகுத்து தவிர மற்ற நாள்களில் இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது இந்த விளையாட்டு மட்டும்தான். அதற்கு அவர்தான் அட்மின்.

விளையாட்டு எளிமையானது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் ஃபேன்டஸி ஆப்பில் ஆளுக்கு 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம் தருவார்கள். அதில் 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. அந்த வீரர்கள் நிஜ மேட்ச்சில் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. கேப்டனாக வைத்தவருக்கு இரட்டைப் புள்ளி. ஆகஸ்ட் முதல் மே வரை மொத்தம் 38 ரவுண்டு.

ஆரம்பிப்பது சுலபம். மே மாதம் வரை 12 பேரையும் உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

முதல் வில்லன், நேரம். ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் மேட்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அணியைப் பூட்டிவிடுவார்கள். பிரிட்டனில் சனிக்கிழமை பகல் 12.30-க்கு முதல் மேட்ச் என்றால், நமக்கு மதியம் 3.30-க்கே கதவு சாத்தியாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அப்போது நமக்கு 4.30. மார்ச் கடைசியில் மறுபடியும் 3.30. ஐந்து மாதம் 4.30-க்குப் பழகியவர்கள் அந்த ஒரு வாரம் மொத்தமாகக் கோட்டை விடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை இரவு கடையைச் சாத்தும் முன் அட்மின் ஒரு மெசேஜ் போட்டுவிடுவார். 'கடலூர் 3.30, துபாய் 2 மணி, சிங்கப்பூர் 6 மணி.' அவ்வளவுதான். அறிவுரை எதுவும் இருக்காது.

இரண்டாவது வில்லன், இடைவெளி. முதலிடத்தில் இருப்பவர் 200 புள்ளி முன்னால் போய்விட்டால், ஒன்பதாவது இடத்தில் இருப்பவர் ஆப்பை எதற்குத் திறக்கப்போகிறார்? பரிசை ஏற்றினால் ஆர்வம் வரும் என்று சிலர் சொன்னார்கள். 'ஆளுக்கு 500 ரூபாய் போடலாம்' என்றும் பேச்சு வந்தது. "காசு வெச்சா, தோத்தவன் அடுத்த வருஷம் வரமாட்டான்டா" என்று அட்மின் அப்போதே மறுத்துவிட்டார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தபோது, இந்த குரூப்பில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

விடை வேறொரு விளையாட்டில் கிடைத்தது. 1997-ல் ஸ்வீடனில் பிறந்த 'ஹாட்ரிக்' என்ற ஆன்லைன் கால்பந்து மேனேஜர் விளையாட்டில் ஒரு பிரிவுக்கு 8 அணிகள்தான். மேலே வந்தால் பதவி உயர்வு, கீழே போனால் இறக்கம். அதனால் கடைசிப் பக்கத்திலும் சண்டை சூடாக இருக்கும். இவரும் 12 பேரை ஆறு ஆறாகப் பிரித்தார். 10 ரவுண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து கணக்கு. கீழ்ப் பிரிவில் முதல் இருவர் மேலே, மேல் பிரிவில் கடைசி இருவர் கீழே. ஜனவரியில் சாம்பியன் யாரென்று தெரிந்துவிட்டாலும், நான்காவது இடமா ஐந்தாவது இடமா என்று அடித்துக்கொள்ள ஆள் இருந்தது.

நிஜக் கால்பந்திலும் அப்படித்தானே? 2014 கிறிஸ்துமஸ் நேரத்தில் லெஸ்டர் சிட்டிதான் பிரீமியர் லீக்கின் கடைசி இடம். போராடித் தப்பி 14-வது இடத்தில் முடித்தார்கள். அடுத்த சீசனில் சாம்பியன்!

தேசிய அணிகள் ஆடுவதற்காக லீக்குக்கு லீவு விடும் வாரங்களில் குரூப் தூங்கிவிடும். அந்த நாள்களில் வினாடி வினா நடத்துவார். இந்திய அணிக்கு ஆடிய கடலூர் பெண் யார்? (இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர்.) 2018-ல் தமிழ்நாடு பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனபோது ஃபைனலில் யாரை வீழ்த்தியது? (மணிப்பூர்.) லண்டன் வீரர்களின் முழங்கால் காயம் வரை மனப்பாடமாகச் சொல்பவர்கள், சொந்த ஊர்க் கேள்விக்கு முழித்தார்கள். பதில் சொன்னது சிதம்பரத்துக்காரரின் மனைவி. அதிலிருந்து அவர்கள் வீட்டு அணியை அவரும் சேர்ந்துதான் தேர்வு செய்கிறார்.

இவ்வளவு செய்தும் ஒரு சீசனில் துபாய் நண்பரின் அணி அப்படியே நின்றுபோனது. ஐந்து ரவுண்டாக ஒரு மாற்றமும் இல்லை. காயம்பட்டுப் படுத்திருந்த வீரரே கேப்டனாக இருந்தார். 'செத்த டீம், தூக்கிடு மச்சான்' என்று குரூப்பில் குரல் எழுந்தது. அட்மின் தூக்கவில்லை. போன் போட்டார். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர், கால்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதை அட்மின் குரூப்பில் சொல்லவில்லை. "அவன் இருக்கட்டும்டா" என்று மட்டும் போட்டார். தினமும் இரவு கடை சாத்தியதும் ஒரு கால். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். மூன்றாவது வாரம் துபாய்க்காரர் தன் கேப்டனை மாற்றினார். அந்த வாரம் அவருக்கு வந்த புள்ளி சுமார்தான். ஆனால் குரூப்பில் முதல் ஆளாகக் கிண்டல் அடித்தார். பிறகு வேறொரு வேலை கிடைத்ததும் விஷயத்தை அவரே எல்லோரிடமும் சொன்னார்.

அதற்குப் பின் லீக்கில் ஒரே ஒரு புது விதி. மூன்று ரவுண்டு அணியை மாற்றாதவரை யாரும் நீக்கச் சொல்லக் கூடாது. யாராவது ஒருவர் போன் செய்ய வேண்டும்.

கடைசி இடத்தில் முடிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சில்வர் பீச்சில் எல்லோருக்கும் சுண்டல் வாங்கித் தர வேண்டும். இந்த வருஷம் அது துபாய்க்காரர். 12 பொட்டலமும் அவர் கணக்கு.