பேட்டரி புதுசு... வண்டி மட்டும் நகரவில்லை!

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் அந்த விவசாயிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று மாற்றி மாற்றி விதைக்கிறார். கீரை காத்திருக்காத பயிர். சாயங்காலம் பறித்துக் கட்டுப் போட்டால், விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வாடிய கட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்.

ஐப்பசி அடைமழையில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. ‘பேட்டரி போச்சு’ என்றார் பக்கத்து நிலத்துக்காரர். 4,500 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி மாட்டினார். பழையதை அதே கடையில் கழிவு விலைக்குப் போட்டுவிட்டார். இரண்டு நாள் வண்டி ஓடியது.

மூன்றாம் நாள் அதிகாலை 2 மணி. 400 கட்டு ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடியும் ‘டக்’. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை. சேற்றில் தள்ளவும் முடியவில்லை. அவர் மனைவி இரண்டு கூடையை எடுத்துக்கொண்டு, முதல் மின்ரயிலில் ஆவடிக்குப் போனார். மிச்சமெல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போனது.

கடை திறந்ததும் போய் நின்றார். “பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துட்டியா?” என்று அவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர், வேலை செய்யும் பையனைக் காட்டி, “மாட்டினவன் இவன்தான். தப்பு இருந்தா இவன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்” என்றார். இருபது வயதுப் பையன். பதில் பேசவில்லை. வோல்ட் பார்க்கும் மீட்டரையும் ஒரு ஜம்பர் ஒயரையும் எடுத்துக்கொண்டு, “வாங்கண்ணா, வண்டியப் பார்த்துடலாம்” என்று கிளம்பினான்.

பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தான். 12.6 வோல்ட். முழு சார்ஜ். விவசாயியை சாவி திருகச் சொல்லி மறுபடியும் பார்த்தான். பேட்டரி பலவீனமாக இருந்தால் அந்த நேரத்தில் வோல்ட் 9, 8 என்று படுத்துவிடும். இதுவோ 12-க்குக் கீழே இறங்கவே இல்லை. பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்த் திரும்பவில்லை என்று அர்த்தம். அடுத்து, மீட்டரின் ஒரு ஒயரை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்தான். சாவி திருகும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டியது 8 வோல்ட்.

ஜம்பர் ஒயரால் நெகட்டிவ் முனையையும் இன்ஜினையும் நேராக இணைத்தான். “இப்ப போடுங்கண்ணா.” ஒரே திருகில் வண்டி உறுமியது.

எர்த் கேபிளைக் கழற்றிக் காட்டினான். இன்ஜினில் முடுக்கும் முனை பச்சை பூத்து, உள்ளே செம்புக் கம்பிகள் முக்கால்வாசி அரித்துப்போயிருந்தன. ஹெட்லைட்டுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் பாடிக்குப் போகும் வேறு ஒயர் வழியாகத் திரும்பிவிடுகிறது. ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வயல் காய்வதில்லையா, அந்தக் கதைதான்.

கேபிளைக் கையில் வாங்கியதும்தான் விவசாயிக்கு நினைவு வந்தது. பேட்டரி மாட்டிய அன்றே இந்தப் பையன், “கேபிள் போயிருக்குண்ணா, 300 ரூபாயில மாத்திடலாம்” என்று சொன்னான். “பேட்டரிக்கே இவ்வளவு கொடுத்தாச்சு, போதும்பா” என்று தடுத்தது அவர்தான். கடையில் அத்தனை பேர் முன்னால் பையன் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புது கேபிள் போட்டதும் பையனை ஏற்றிக்கொண்டு கடைக்கே ஓட்டிப்போனார். காலையில் சத்தம் போட்ட அதே இடத்தில் நின்று, “பையன் அன்னைக்கே சொன்னான், நான்தான் கேட்கல. அவன் சம்பளத்துல கை வைக்காதீங்க” என்றார். பிறகு அவரே சொன்னார்: “நெல்லு மஞ்சளானா, துத்தநாகக் குறையான்னு பார்க்காம யூரியாவைக் கொட்டுவோமே... அதைத்தான் வண்டிக்கும் செஞ்சிருக்கேன்.”

பழைய பேட்டரி அதற்குள் லாரி ஏறிவிட்டது. அது நன்றாகத்தான் இருந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

கவனத்தில் வைக்க...

* ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால், முதலில் முனைகளையும் எர்த் கேபிளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பிறகுதான் ஸ்டார்ட்டர்.

* சாவி திருகும்போது விளக்கு மங்கினால், பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது முனை இறுகவில்லை.

* எதுவுமே எரியவில்லை என்றால் கிளாம்ப் கழன்றிருக்கலாம். முனைகளை மாற்றி மாட்டி, மெயின் ஃபியூஸ் போயிருக்கவும் வாய்ப்புண்டு. திரும்பத் திரும்ப முயலாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

* ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. எரிபொருளைப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

* கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

* முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை, கிளாம்பைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். மறுபடி மாட்டி இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், அதிகாலையில் கீரைக்கட்டோடு நிற்க வேண்டியிருக்காது.