சீல் இல்லாத இடம்

“அம்பாசடர்னா ஆயில் ஒழுகும். ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்.” எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். அடுத்த பேச்சு பெரியப்பாவைப் பற்றியதாக இருக்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகை ஓட்டியவர், வண்டியைக் கவனிக்காமல் விட்டார், கிளட்சில் ஆயில் ஏறிவிட்டது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இழுக்காமல் போய்க் கடைசியில் கொட்டகையில் நிறுத்தினார் என்பது குடும்பத்தில் நிலைத்துவிட்ட கதை. எனக்கு அது வெகுநாள் எரிச்சல். ஒழுகுவது வண்டியின் பிறவிக் குணம் என்றால் பெரியப்பா மேல் ஏன் பழி? அவருடைய அலட்சியம்தான் காரணம் என்றால் வண்டியை ஏன் கேலி செய்ய வேண்டும்?

அவர் காலமான பிறகு அந்த 1976 மார்க் 3 என்னிடம் வந்தது. கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ஓடியது. ஓடியதோடு ஒழுகவும் செய்தது.

இன்ஜினில் ஆயில் கசியும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ஃபேன் காற்றும் ஓடும்போது வரும் காற்றும் ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். அதன் எடை கீழே இழுக்கும். அதனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்ஜின் முழுவதையும் டீசல் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். நன்றாகக் காய்ந்ததும் டால்கம் பவுடரைத் தூவி ஓடவிட்டேன். டாப் கவர் கார்க் பேக்கிங்கில் வெள்ளை கலையவில்லை. பக்கவாட்டு டாப்பெட் கவர்களிலும் முன்னால் டைமிங் கவரிலும் சம்ப் விளிம்பிலும் அப்படியே. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடியிருக்கும் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. அது அடைபடாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் அதில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பின்னின் நுனியில் மட்டும் சொட்டு.

அப்படியானால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்தச் சீலைத் தேடிச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ஒருவர் முன்பக்க டைமிங் கவர் சீலை எடுத்து வைத்தார். இன்னொருவர் பிற்காலத்தில் வந்த இசுசு இன்ஜினின் சீலைக் காட்டி, “இதுதான் சார், போட்டுப் பாருங்க” என்றார். அதன் அளவே வேறு. புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் தாராளமாக நேரம் கொடுத்து மூன்று டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினார். “உத்தர்பாரா ஃபேக்டரியை 2014லயே நிறுத்திட்டாங்க. அதோட இந்த ஐட்டமும் போச்சு” என்றார். நம்பத் தக்க பதில்தான். ஆனால் அம்பாசடருக்கு மற்ற சாமான்கள் அந்தத் தெருவில் இன்றும் கிடைக்கின்றன. வால்வு கிடைக்கிறது, வாட்டர் பம்ப் கிடைக்கிறது. இந்த ஒரு ரப்பர் வளையம் மட்டும் எங்கே போனது? அவரிடமே ஒரு பழைய பார்ட்ஸ் கேட்டலாக் இருந்தது. இன்ஜினைப் பிரித்துப் பரப்பிய படத்தில் கிராங்கின் பின்முனையை இருவரும் பார்த்தோம். பேரிங் இருக்கிறது, ஃப்ளைவீல் போல்ட் இருக்கிறது. சீல் வரையப்படவே இல்லை.

சேலத்தில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியே வாழ்நாளைக் கழித்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “அங்க சீலே கிடையாதுங்க தம்பி” என்றார்.

“சீல் இல்லாம ஆயில் எப்படிங்க நிக்கும்?”

“நிக்காது. திரும்பிப் போயிரும்.”

அதற்கு மேல் விளக்க மறுத்தார். கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றேன். கை வைக்க மாட்டேன் என்றார். கூலி கூடுதலாகத் தருகிறேன் என்றதும் முகம் சுளித்தார். ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாரே தவிர ஸ்பேனரைத் தொடவில்லை. ஒருநாள் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு கிராங்கை இழுத்து வந்து, பின்முனையைத் துணியால் துடைத்து, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். திருகு மரை!

கிராங்கின் உடம்பிலேயே ஆழம் குறைந்த மரை வெட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் அதற்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு. கிராங்க் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை மரை உள்நோக்கித் தள்ளிச் சம்புக்கே அனுப்பிவிடும். ரப்பர் இல்லை, தேய்ந்து மாற்ற வேண்டிய எதுவும் இல்லை. சுற்றும் பொருளே காவலும் காக்கிறது. அந்த இரும்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக அம்பாசடருக்கு வந்த 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜினுக்கு மெயின் பேரிங் மூன்று. பின்முனையில் இந்த மரைதான். இதே குடும்பத்து எம்ஜிபி காருக்கு 1964இல் ஐந்து பேரிங் இன்ஜின் வந்தபோதுதான் அங்கே ரப்பர் சீல் வைத்தார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கிராங்க் புல்லியிலும் இப்படி ஒரு மரை ஆயிலைத் திருப்பி அனுப்பும்.

அதன்பிறகு சீலைத் தேடுவதை விட்டுவிட்டேன். மரை உள்ளே தள்ளுகிறது. அதை மீறி வெளியே தள்ளுவது எது?

மேஸ்திரி அப்போதுதான் வண்டிக்கு அருகே வந்தார். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து என் உள்ளங்கையை மேலே வைக்கச் சொன்னார். சூடாக, விட்டுவிட்டு, குப்குப்பென்று அடித்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அது வெளியேற இங்கே இரண்டு வழி: டாப் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ், பக்கவாட்டுக் கவரிலிருந்து தரையை நோக்கி இறங்கும் குழாய். இரண்டும் அடைபட்டால், வெயிட் போடும் துளை அடைத்த குக்கர் மாதிரி, உள்ளே சேரும் அழுத்தம் இடுக்கு பார்த்து வெளியேறும். மரைக்கு அருகே எப்போதும் ஓர் இடுக்கு திறந்தே இருக்கிறது.

கீழ்க்குழாயை மண்குளவி அடைத்திருந்தது. கொட்டகையில் நின்ற வருடங்களில் கட்டிய கூடு. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியம்மா அந்தக் கொட்டகையில் ஒரு கூட்டையும் யாரையும் உடைக்க விட்டதில்லை.

மேல் ஹோஸில் இருந்தது வேறு. ஹோஸை அரை விரல் நீளத்தில் வெட்டி, உள்ளே ஒரு போல்ட்டைத் திணித்து, கிளிப் போட்டு முறுக்கியிருந்தார்கள். டாப் கவரின் பச்சைப் பெயின்ட் கிளிப் மேலும் போல்ட் தலை மேலும் ஒரே பூச்சாக, விரிசலில்லாமல் படர்ந்திருந்தது. ஆக, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அடைத்திருக்கிறார்கள். பச்சை எப்போது அடித்தது என்று பெரியம்மாவைக் கேட்டேன். முழு இன்ஜினையும் ஓவர்ஹால் செய்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் என்பதால் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “அங்கிருந்து வந்தப்புறந்தான்டா கிளட்சு நழுவ ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல.”

ஏற்காட்டுப் பாதையில் இதை வைத்துப் பார்த்தேன். தரையை நோக்கிய குழாய், வண்டி ஓடும் காற்று உறிஞ்சுவதால் வேலை செய்வது. மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் அந்த உறிஞ்சல் இல்லை. இன்ஜினுக்குப் பாரம் அதிகம், ரிங்கைத் தாண்டும் வாயுவும் அதிகம். மூக்கு மேலே தூக்கியிருப்பதால் சம்பில் இருக்கும் ஆயில் பின்பக்கம், மரையின் அருகே திரளும். மேல் வழியோ போல்ட்டால் அடைபட்டது. சமவெளியில் தாக்குப்பிடித்த வண்டி, அவர் பிழைப்பு நடத்திய அந்த ஒரு சாலையில் ஒழுகியிருக்கிறது. பெரியப்பா வண்டியைக் கவனிக்காமல் விடவில்லை. கையிலிருந்த எல்லாவற்றையும் அதில் போட்டவர் அவர்.

கூட்டை எடுத்து, குழாயின் வாயில் கம்பி வலை கட்டி, மேலே புது ஹோஸ் போட்டோம். ஏற்காடு ஏறி இறங்கிய பிறகு ஸ்பிளிட் பின்னில் ஈரம் மட்டும் இருந்தது. ராத்திரி நின்றால் இன்னமும் சில சொட்டு விழுகிறது. சுற்றாத மரை எதையும் தள்ளாது.

பெரியப்பா மகன் அண்ணனுக்கு அந்தச் சில சொட்டும் பிடிக்கவில்லை. லேத்தில் கொடுத்து நவீன ரப்பர் சீல் பொருத்திவிடலாம் என்கிறார். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அங்கே அடைத்தால் அது கார்க் பேக்கிங்குகளைத்தான் தேடிப் போகும். முதலில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்து ரிங்குகளின் நிலை தெரியட்டும், சீல் பேச்சு அதற்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறேன்.