பம்பு தானாகக் கருகவில்லை

இத்தாலிய இலக்கணத்தை நான் ஒழுங்காகப் படித்ததே ஒரு பொய் சொல்லத்தான்.

குந்தாரப்பள்ளிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் பராமரிப்பு வேலை எனக்கு. தோத்தாபுரி வரத்து தொடங்கிவிட்டால் இரவு பகல் தெரியாது. கூழைத் தள்ளுவது மோனோ பம்பு: ரப்பர் உறைக்குள் எஃகுத் திருகு சுழலும். கூழ் உள்ளே இருக்கும்வரை ரப்பருக்கு ஆபத்தில்லை; காலியாக ஓடினால் கருகிவிடும். ஆபரேட்டர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். சும்மா சும்மா நிறுத்துகிறதென்று சென்சாரைக் கழற்றிவிட்டு, டேங்க் காலியானது தெரிந்தும் ஓடவிட்டவனும் நான்தான்.

மெஷின் இத்தாலியிலிருந்து வந்தது, கியாரண்டி முடியவில்லை.

நடந்து முடிந்ததைச் சொல்ல இத்தாலியனில் இரண்டு துணைவினை. அவேரே போட்டால் 'ஓ புருச்சாதோ லா போம்பா', பம்பை நான் எரித்தேன். எஸ்ஸெரே போட்டால் 'லா போம்பா சி எ புருச்சாதா', பம்பு எரிந்துபோனது. பம்பு அவர்களுக்குப் பெண்பால். எஸ்ஸெரே வந்தால் வினை எழுவாயின் பாலுக்கு இணங்கி 'தா' என்று முடிய வேண்டும். அவேரே வந்தால் பெரும்பாலும் 'தோ'தான். ஆனால் 'அதை' என்று பொருள்படும் 'லா' முன்னால் வந்துவிட்டால் அங்கேயும் 'தா': 'லோ புருச்சாதா இயோ', அதை எரித்தது நான்தான். எங்கள் வீட்டில் தெலுங்கு. அக்கா வந்தாலும் பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'தான். ஜடப்பொருளில் ஆண் பெண் பார்ப்பது எனக்குச் சுலபத்தில் பிடிபடவில்லை. அந்த இரவு பிடிபட்டது. கம்பெனிக்கு மெயில் போனது: பிழையில்லாத ஒரே வரி, எஸ்ஸெரே போட்டு.

மறுநாள் இத்தாலியக் கம்பெனியின் ஃபிட்டர் போனில் கேட்டார்: "ஆ ஜிராதோ ஆ செக்கோ?" காலியாக ஓடியதா? இல்லை என்றேன்.

புதுப் பம்பு இலவசமாக வந்தது. ஆனால் உற்பத்தி நின்றதற்கு ஆலைக்குள் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே! ஷிப்டில் இருந்த பையன் போட்டான். சம்பளத்தில் பிடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சந்தையில் அவன் இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்தபடி வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டு நின்றான். என்னைப் பார்ப்பதற்குள் லாரிகளுக்குப் பின்னால் நழுவிவிட்டேன்.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அந்த மெயிலை மாதிரியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். போன சீசனில் சோலனாய்டு வால்வு ஒன்று என் கைவரிசையில் எரிந்தபோது, பம்பின் பெயரை எடுத்துவிட்டு எலெத்ரோவால்வோலா என்று போட்டேன். அதுவும் பெண்பால், 'தா'வை மாற்றும் வேலைகூட இருக்கவில்லை.