ஐந்தாவது காரணம்

நம் இல்லங்களில் கணவனும் மனைவியும் பெட்டியோடு படியிறங்கினால், எதிர்த் திண்ணையிலிருந்து எழும் முதல் வினா, "எங்கே மௌத்து?" என்பதாகும். மௌத்து இல்லையெனில் நிக்காஹ். அதுவுமில்லையெனில் மருத்துவமனை, அல்லது ஜியாரத். இந்நான்குக்கும் அப்பால் ஐந்தாவது காரணம் ஒன்று இருக்கக்கூடுமென்பதை நம் தெருக்கள் இன்னும் ஒப்பவில்லை. பிள்ளைகளை மணமுடித்து அனுப்பிவிட்டு, பேரர்களின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டுவரும் நாங்கள் இருவரும், சென்ற மார்கழியில் அந்த ஐந்தாவது காரணத்திற்காக மணப்பாறையை விட்டுப் புறப்பட்டோம். ஓரிரவு திருச்சி நகரில். மறு இரவு பச்சைமலைக் குளிரில், கூடாரத்தில். அவ்வளவே.

வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் ரயிலேறினோம். ஏறக்குறைய 40 கி.மீ. பயணந்தான். திருச்சிக்கு எத்தனையோ முறை வந்ததுண்டு. கையில் மருந்துச் சீட்டோ ஜவுளிப் பட்டியலோ இன்றி வந்தது இதுவே முதல் தடவை. நத்ஹர்வலி தர்காவில் பாத்திஹா ஓதினோம். (ஆகவே இதுவும் ஜியாரத்தே என்று ஊரார் வாதிட்டால் மறுப்பதற்கில்லை.) 1795இல் சென்னையில் காலமான ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முஹம்மது அலியும் இங்கேயே அடங்கியிருக்கிறார். பின்னர் தெப்பக்குளக் கடைவீதி, விளக்கொளியில் மலைக்கோட்டை. காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்று, 1987இல் கட்டி முடிக்கப்பெற்ற ராஜகோபுரத்தையும் அண்ணாந்து நோக்கினோம். உள்ளே துலுக்க நாச்சியாருக்கு இடமுண்டு. அவர் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

அக்கூட்டத்தில் எங்களை எவரும் அறியார். சொந்தத் தெருவில் பத்தடி முன்னும் பின்னுமாக நடந்து பழகிய நாங்கள், அங்கேதான் அருகருகே நடந்தோம்.

சனியன்று துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறினோம். மலையாளிப் பழங்குடியினர் வாழும், மரவள்ளி விளையும் மலை. காட்டுக்குள் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். நாங்கள் அறிமுகமான ஒரு குடும்பத்தாரின் இசைவோடு அவர்தம் தோட்டத்து ஓரத்தில் கூடாரமடித்தோம்.

குளிரென்றவுடன் மேலே போர்த்துவதையே நம்மவர் எண்ணுவர். உண்மையில், படுத்தவரின் உடற்சூட்டை ஓயாது உறிஞ்சுவது தரையே. ஆதலின் தார்ப்பாய், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் ஒரு கம்பளி. போர்த்துவதற்கு எஞ்சியதே போதும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். எனவே சற்று மேடான சரிவே ஏற்றது. கூடாரத்தை முற்றிலும் மூடினால் மூச்சின் ஈரமே துணியில் படிந்து நீராய்ச் சொட்டும். கரியடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே எடுத்துவரலாகாது. அதன் நச்சுக்காற்றுக்கு மணமில்லை, உறங்கியவர் எழுவதுமில்லை.

எங்கள் அடுப்பு வெளியே எரிந்தது. இத்தனை ஆண்டுகள் அடுப்படியை ஆண்டவர் கம்பளிக்குள் அமர்ந்திருக்க, மற்றவர் இஞ்சித் தேநீர் வைத்தார், கிழங்கு சுட்டார். தேநீரில் இனிப்பு மிகுதிதான், குறை சொல்லப்படவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்களூர் முறுக்கும் துணைக்கு இருந்தது.

இஷாவுக்குப் பின் நெடுநேரம் பேசினோம். வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் மகனோடு வந்திருக்கும்படி ஈராண்டுகளாக அழைப்பு. மகனருகே இருக்க மனைவி ஏங்குவதாகக் கணவரும், மருத்துவ வசதிக்காகக் கணவர் விரும்புவதாக மனைவியும் கருதி, ஒருவர் பொருட்டு ஒருவர் மௌனமாய்த் தலையசைத்து வந்தோம். கூடத்தில் எந்நேரமும் உறவினர் அமர்ந்திருக்கும் வீட்டில் இதைக் கேட்டுத் தெளிய வாய்த்ததில்லை. மலையிருட்டில், "உங்களுக்கு உண்மையிலேயே போகணுமாங்க?" என்ற வினா எழுந்தது. "இல்லையே. உனக்கு?" என்றது மறுமொழி. அதன்பின் இருவருக்கும் சிரிப்பு வந்தது, சற்றே கண்ணீரும்.

சுபுஹுக்கு வெந்நீர் காய்ச்சி ஒளூச் செய்தோம். மலையிறங்கும் பேருந்தில், மாடித் தளத்து ஒழுக்கை அடுத்த மழைக்குள் அடைக்கச் சிமெண்டு எத்தனை மூட்டை வேண்டுமெனக் கணக்கிட்டுக்கொண்டே வந்தோம்.