ஆண்டாள் சன்னிதி வாசலில் அரை பாட்டில் கலர்

அம்மா பிறந்த ஊர் இராஜபாளையம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிப் புறப்பட்டவள். அப்புறம் தம்பி வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாள் போவாள், மறுநாள் திரும்பிவிடுவாள். “உங்கப்பாவுக்கு வெந்நீர் வைக்க ஆளில்லையே” என்பாள். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வெந்நீர் வைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனாலும் அம்மா எங்கேயும் நகருவதாக இல்லை. என்னோடு சென்னைக்கு வந்தவள், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள்தான்!

போன மே மாதம், குழந்தைகளுக்கு லீவு. “ரெண்டு நாள் நான் பார்த்துக்கறேன், நீ அத்தையை அழைச்சிட்டுப் போயிட்டு வா” என்று என் வீட்டுக்காரர் தாமே முன்வந்து சொன்னார். (வீடு திரும்பியபோது சமையலறை எப்படி இருந்தது என்பதை இன்னொரு சமயம் எழுதுகிறேன்.) வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். விடியும்போது மலை தெரிய ஆரம்பித்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அதோ பாரு, சஞ்சீவி மலை!” என்றாள். அத்தனை மாதத்தில் அவள் குரலில் ஒரு துள்ளல் கேட்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை முழுக்க மாமா வீட்டில் சாப்பாடுதான். காலையில் சின்ன வெங்காயச் சாம்பாரோடு இட்லி. மதியம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மாங்காய்ப் பச்சடி, பருப்புத் துவையல். மாலையில் சாத்தூர் காராச்சேவும் காப்பியும். ராத்திரி மாமா கடையிலிருந்து கட்டி வந்த எண்ணெய்ப் பரோட்டா. விருதுநகர்ப் பக்கத்துச் சமாசாரம் அது. எண்ணெயில் பொரித்தெடுத்து மொறுமொறுவென்று இருக்கும். ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்களை நான் பார்த்ததில்லை! சப்பட்டை மாம்பழத்தைத் தோலோடு நறுக்கித் தட்டில் வைத்தாள் அத்தை. அம்மா ஒரே ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். சர்க்கரை வியாதிக்காரி கட்டுப்பாடாக இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்றதையும் அவள் கோழி கொறிப்பது மாதிரிதான் கொறித்தாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் மாயூரநாத சுவாமி கோவிலுக்குப் போய்விட்டு நடந்தே திரும்பினோம். அம்மா வழியெல்லாம் கதை சொன்னாள். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். நம் பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும்போது சுற்றிவிடுகிறோமே, அந்தத் துணி இந்த மண்ணிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். அம்மா ஆறரைக்கே குளித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பட்டுக் கரை போட்ட சுங்குடிப் புடவையில் தயாராக இருந்தாள். “டிபன் ஆச்சா?” என்றேன். “உள்ளே ஆச்சு” என்றாள். அத்தை என்னோடு சாப்பிடுவாள் என்று நினைத்தாள். நான் அத்தையோடு சாப்பிட்டாயிற்று என்று நினைத்தேன். நான் மட்டும் நாலு இட்லி தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

ஊருக்குள் நுழையும் முன்பே பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்துவிடுகிறது. தமிழக அரசின் முத்திரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கோபுரம். ஆனால் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் புரிகிறது. வடபத்ரசாயி மாடியில் பள்ளிகொண்டிருக்கிறார். படியேறித் தரிசித்தோம். பிறகு, பெரியாழ்வார் துளசிச் செடியின் கீழே குழந்தையைக் கண்டெடுத்த நந்தவனம். அங்கே நிற்கும்போதே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். “வெயில்” என்றாள். நானும் வெயில் என்றே நினைத்தேன்.

ஆண்டாள் சன்னிதிக்குப் போகும் வழியில் பூக்கடை. துளசி மாலை வாங்க நின்றோம். திடீரென்று அம்மா பூக்காரம்மாவிடம், “என்ன விலை சொல்றே? ஊரை ஏமாத்தறியா?” என்று சீறினாள். நான் திகைத்துப் போனேன். எழுபத்தொரு வயது வரையில் ஒரு கடைக்காரரிடமும் அம்மா குரல் உயர்த்திப் பேசியதில்லை. எனக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. “கோவில் வாசல்ல என்னம்மா இது, பேசாம வா” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

கை சில்லென்று நனைந்திருந்தது. விரல்கள் வெடவெடவென்று ஆடின. ரவிக்கை முதுகெல்லாம் வியர்வை. “ஏம்மா, வீட்டுக்குப் போலாமா? உங்கப்பா வந்திருப்பார்” என்றாள்.

என் அடிவயிறு கலங்கிவிட்டது.

பூக்காரம்மாதான் சுதாரித்தார். திட்டு வாங்கியவரே தம் முக்காலியை இழுத்துப் போட்டார். “தாயி, ஆத்தாவுக்குச் சுகர் இருக்கா? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். இனிப்பா ஏதாச்சும் குடு!” என்றார். எதிர்க் கடையில் பால்கோவா அடுக்கியிருந்தது. நான் அதை நோக்கி ஓடினேன். “அது வேணாம், லேட்டாகும். கலர் வாங்கு, கலரு!” என்று பின்னாலேயே குரல் வந்தது. பெட்டிக்கடையில் பொவண்டோ பாட்டிலை உடைத்து வாங்கி, அம்மாவை நேராக உட்கார வைத்து, வாய்க்கு வாய் நிறுத்தி நிறுத்திக் குடிக்கச் செய்தேன். அரை பாட்டில் உள்ளே போயிற்று. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. கண்ணில் தெளிவு வந்தது. பூக்காரம்மா தம் தூக்கிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஊருக்குத் திரும்பி டாக்டரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு மாதிரிச் சில, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறவை. அதை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். 70க்குக் கீழே போனால் அபாய மணிதான். வியர்வை, நடுக்கம், படபடப்போடு காரணமில்லாத எரிச்சலும் பிதற்றலும்கூட அதன் அடையாளங்களாம். ‘வயசாச்சு, பிடிவாதம்’ என்று நாம் தள்ளிவிடுவது இதைத்தான்! அப்போது கொடுக்க வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது பழரசம், அல்லது சர்க்கரை போட்ட கலர். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு வயிற்றுக்கு ஆகாரம். பால்கோவாவிலும் சாக்லேட்டிலும் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். நானோ, சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பத்திரமாக மாமா வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்!

நிழலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “ஏம்மா சாப்பிட்டதாப் பொய் சொன்னே?”

அம்மா இலையை மடித்தபடியே சொன்னாள். “கோவிலுக்கு வெறும் வயித்தோட போகலாம்னுதான்.” கொஞ்ச நேரம் கழித்து, “மெட்ராஸ்லயும் காலையில சாப்பிடறதில்லை. உங்கப்பா இருந்தப்ப எட்டு மணிக்கு அவருக்குத் தட்டு வைக்கணும். அந்தச் சாக்குல நானும் உட்கார்ந்துடுவேன். இப்ப யாருக்குத் தட்டு வைக்க?”

எனக்குப் பேச்சு வரவில்லை. எட்டு மணிக்கு எங்கள் வீடு போர்க்களம். ஒருத்தனுக்கு டிபன் டப்பா, ஒருத்திக்குப் பின்னல், இவருக்குப் பஸ். டைனிங் டேபிளில் அம்மாவுக்கு மூடி வைப்பேன். பதினோரு மணிக்குப் பார்த்தால் காலியாக இருக்கும். அவள் வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம், ஒன்றரை வருஷமாக. ஒரே வீட்டில், நான் நாலடி தள்ளி நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க!

நடை சாத்துவதற்குள் ஆண்டாளைப் பார்த்துவிட்டோம். ரங்கமன்னாரும் கருடனும் பக்கத்தில் நிற்க, இடது கையில் கிளியோடு நிற்கிறாள். அந்தக் கிளியைத் தினமும் புதிதாக இலையில் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தவள். இன்றும் அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. பட்டர் அம்மாவிடம் ஒரு துணுக்குப் பூவை நீட்டினார். அப்பா போன பிறகு பூவைத் தொடாதவள், ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றி, தலையில் வைக்கவில்லை, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அந்த முடிச்சு இன்னும் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

வெளியே வந்து பூக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். “சுகர் பேசுச்சு, நீங்களா பேசுனீங்க?” என்று அவர் சிரித்துவிட்டார். இட்லிக்குக் காசு கொடுத்தால் வாங்க மறுத்து, துளசி மாலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

பால்கோவா வாங்காமல் வந்தோமா என்றால், அதெல்லாம் இல்லை! 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. அகலமான இரும்புச் சட்டி, விறகடுப்பு, கை ஓயாத கிளறல். வீட்டிலும் செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் கொழுப்புள்ள பாலுக்கு நூறு கிராம் சர்க்கரை. பால் பாதிக்கு மேல் சுண்டிய பிறகு சர்க்கரை சேர்த்து, ஓரத்து ஏட்டை வழித்து வழித்து உள்ளே தள்ள வேண்டும். ருசி வந்தது, அந்த விறகு வாசனை மட்டும் காஸ் அடுப்பில் வரவே இல்லை. அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குப் பின் அரை ஸ்பூன், வாரத்தில் ஒரு நாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். என் கைப்பையில் குளுகோஸ் பொட்டலம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

இப்போது பிள்ளைகளும் இவரும் கிளம்பியதும், எட்டே முக்காலுக்கு அம்மா இரண்டு தட்டு வைக்கிறாள். “நீ உட்காராட்டி எனக்கும் வேண்டாம்” என்கிறாள். அடுப்பில் பால் இருக்கு, துணி ஊறுது என்று ஆயிரம் சொன்னாலும் நடக்காது. நேற்று தோசை. மூன்றாவது வேண்டாம் என்றேன். “உங்கப்பா மாதிரியே பேசாதே” என்று தட்டில் போட்டுவிட்டு, தனக்கும் ஒன்று வார்க்கப் போனாள்.