சொல்லிப்போடாத பிள்ளை

லண்டனில இருக்கிற எங்கட மச்சாளுக்கு 23 வயதில் ஓட்டிசம் என்று உறுதிப்படுத்தினார்கள். சின்னனில இருந்தே "பெருமைக்காரி, ஒருத்தரோடயும் ஒட்டமாட்டாள்" என்று அவளைச் சொல்லிவந்த சொந்தக்காரர் அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கதை நேரே கார் காப்புறுதிக்குப் போய்விட்டது. "சொல்லிப்போடாத பிள்ளை, காசைக் கூட்டிப்போடுவாங்கள்" என்று மாமி குரற்பதிவு போட்டா.

மாமியின் பயம் வெறும் பயமில்லை. பிரித்தானியாவில் இளம் சாரதிகளுக்குக் கட்டணம் ஏற்கெனவே அதிகம். வயது, ஓட்டின அனுபவம், இருக்கிற இடத்தின் தபால் குறியீடு எல்லாம் பார்த்துத்தான் தொகை போடுவார்கள். அதோட இதுவும் சேர்ந்தால்? நாங்களும் தேடி வாசித்தோம்.

அங்கே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. இயலாமையைக் காரணம்காட்டிக் கூடக் காசு கேட்பதென்றால், ஆபத்தைக் கணிக்கப் பொருத்தமான, நம்பத்தகுந்த தகவல் நிறுவனத்திடம் இருக்கவேணும். பெயரைக் கேட்டவுடன் கூட்ட ஏலாது. சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் டிவிஎல்ஏக்கு, ஓட்டிசம் ஓட்டுவதைப் பாதித்தால் மட்டும் அறிவிக்கவேணும். அப்படிப் பாதித்தும் அறிவிக்காவிட்டால் 1,000 பவுண்ஸ் வரை தண்டம். 2019 இல் அதே டிவிஎல்ஏ, ஓட்டிசம் உள்ள எல்லாச் சாரதிகளும் அறிவிக்கவேணும் என்று தன் இணையத்தளத்தில் போட்டது. ஓட்டிசம் உள்ளவர்களும் அமைப்புகளும் எதிர்த்துக் கேட்ட பிறகு பழையபடி மாற்றியது.

காப்புறுதிக்காரருக்குச் சொல்வது வேறு விசயம். 2012 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்கள் கேட்காததைத் தானாகப் போய்ச் சொல்லும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லவேணும். கேட்ட இடத்தில் வேணுமென்று பொய் சொன்னால், விபத்து நடந்த அன்றைக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். மாமி சொன்ன வழியில்தான் உண்மையான செலவு ஒளிந்திருக்கிறது.

இதை மச்சாளுக்கு அனுப்பினோம். அவள் ஏற்கெனவே எல்லாம் வாசித்திருந்தாள். படிவத்தில் என்ன கேட்டிருக்கு என்று வரிவரியாகப் பார்த்துமிருந்தாள். "போன கிழமை வரைக்கும் இந்தக் காரை ஓட்டினதும் நான்தானே? இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றாள்.

அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சட்டத்தை மாமி உடனே விளங்கிக்கொண்டா. காசு கூடாது என்று தெரிந்ததும் அவவின் குரலில் ஒரு நிம்மதி. அடுத்த நிமிசமே, "எண்டாலும் ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றா. காப்புறுதி நிறுவனம் காரணம் காட்டாமல் கட்டணத்தைக் கூட்டினால் எதிர்த்துக் கேட்கச் சட்டம் இருக்கு. சொந்தக்காரர் போடுகிற கணக்கை எங்கே போய்க் கேட்பது? இதை நாங்கள் மச்சாளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.